வழி தவறிய பொட்டலங்கள்

ஓடுகிற ரயில் வண்டியிலேயே தபால் பிரிக்கும் பெட்டி ஒன்று இணைந்திருந்த காலத்தை நம்மில் பலர் அறிவோம். சென்னையிலிருந்து காசிக்குச் செல்லும் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்த ஊழியர், காசியில் அந்தத் தெரு எங்கே இருக்கிறதென்று அறிந்திருக்க வேண்டியதில்லை. அதை எந்தப் பையில் இடவேண்டும் என்பது தெரிந்தாற் போதும். அடுத்த நிலையத்தில் அந்தப் பையை வாங்குகிறவருக்கும் அவ்வளவே தெரியும். வழி முழுவதையும் அறிந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் கடிதம் போய்ச் சேர்ந்தது.

இன்று உலகத்தைச் சூழ்ந்து நிற்கும் கணிப்பொறி வலையமைப்பும் இந்த முறையிலேதான் இயங்குகிறது. நாம் அனுப்பும் செய்தி சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின்மேலும் விலாசம் எழுதப்பட்டுப் புறப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு யந்திரமும் விலாசத்தைப் பார்த்து அடுத்த யந்திரத்திடம் தள்ளிவிடுகிறது. எல்லாம் சரியாக நடக்கும் வரையில் இது மிகவும் சிக்கனமான ஏற்பாடு. பொட்டலம் போய்ச் சேராதபோதுதான் சங்கடம் தொடங்குகிறது. வழியை முழுதும் அறிந்தவரே இல்லாத இடத்தில், வழி எங்கே அறுந்தது என்று யாரைக் கேட்பது? யூனிக்ஸ் என்னும் அமைப்பில் இயங்கிய கணிப்பொறிகளின் முன்னே அமர்ந்து, இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்கத்தில் இந்தக் கேள்வி எழவேயில்லை. ஏனெனில் வழியை மனிதனே எழுதினான். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1970-களில் பிறந்த யூயூசிபி என்னும் முறையில், யூனிக்ஸ் யந்திரங்கள் தொலைபேசியில் ஒன்றையொன்று அழைத்துத் தபாலை மாற்றிக்கொண்டன. கடிதம் எழுதுகிறவர், தம் யந்திரத்திலிருந்து முதலில் எந்த யந்திரம், பிறகு எது, அதன் பிறகு எது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் இடையே ஓர் ஆச்சரியக்குறி இடவேண்டும். வழியில் ஒரு யந்திரம் பெயர் மாறினாலும் கடிதம் திரும்பிவிடும். ஆனால் எங்கே பழுது என்பதில் ஐயமிராது; வழி நம் கையெழுத்திலேயே இருக்கிறதல்லவா? இந்தியாவில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டத்திலும் முதலாண்டுகளின் தபால் இம்முறையிலேதான் சென்றது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப நிலையம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை உட்பட ஐந்து இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், டில்லியிலிருந்த மின்னணுத் துறை ஆகிய எட்டு இடங்கள் அதில் பங்குகொண்டன.

இதற்கு முன்பே வேறொரு வழியில் சிந்தித்தவர்களும் உண்டு. 1969-இல் அமெரிக்க ராணுவத் துறையின் ஆதரவில் நான்கு இடங்களை இணைத்துத் தோன்றிய ஆர்ப்பாநெட் வலையமைப்பில், வழியை யந்திரங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இதற்கென்று அமைக்கப்பட்ட யந்திரங்களுக்கு 'இம்ப்' என்று பெயர். ஒவ்வோர் இம்பும் தன் அண்டை இம்புகளுக்கு, 'இன்ன ஊருக்கு என் வழியாகச் சென்றால் இவ்வளவு தூரம்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கேட்பது, சொன்ன தூரங்களில் மிகக் குறைந்ததைத் தேர்ந்துகொண்டு, தன் பங்குக்குச் சிறிது கூட்டி, தன் அண்டைகளுக்குச் சொல்லும். இப்படியே செய்தி பரவ, எந்த யந்திரமும் முழுப் படத்தைப் பார்க்காமலேயே எல்லாவற்றுக்கும் வழி தெரிந்துவிடும்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் இதன் ஆணிவேர் நம்பிக்கை. அண்டை யந்திரம் சொல்வது உண்மையா என்று சோதிக்க வழியில்லை. 1970-களின் முற்பகுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இம்பின் நினைவகத்தில் ஒரு பகுதி பழுதுபட்டது. பழுதுபட்ட பகுதி, துரதிர்ஷ்டவசமாக, தூரங்களை எழுதிவைத்திருந்த பகுதி. அங்கே எல்லாம் பூஜ்யமாயிற்று. உடனே அந்த இம்ப், 'எந்த ஊருக்கும் என்னிடமிருந்து தூரம் பூஜ்யம்' என்று அறிவித்துவிட்டது! அண்டைகள் மகிழ்ந்து நம்பின. அவற்றின் அண்டைகளும் நம்பின. வலையமைப்பின் போக்குவரத்து முழுதும் ஹார்வர்டை நோக்கித் திரும்பி, அங்கே போய் மறைந்தது. நின்றுபோன யந்திரத்தை ஒரு வலையமைப்பு எளிதில் சுற்றிக்கொண்டு போய்விடும். இயங்கிக்கொண்டே பொய் சொல்லும் யந்திரத்தை என்ன செய்வது? இத்தகைய விபத்துக்களுக்குப் பிறகு, 1973-இல், இம்பின் நிரலும் அது அனுப்பும் வழிச் செய்தியும் சிதையாமலிருக்கின்றனவா என்பதைக் கூட்டுத்தொகை கொண்டு சரிபார்க்கும் முறையை மக்குவில்லன் முதலியோர் புகுத்தினர்.

1979-இல் வழி காணும் முறையே மாற்றப்பட்டது. இனி அண்டையின் கணக்கை நம்ப வேண்டாம். ஒவ்வோர் இம்பும் தன்னோடு நேரே இணைந்த கம்பிகளின் நிலையை மட்டும் சொல்லட்டும். அந்தச் செய்தி எல்லா இம்புகளுக்கும் போகட்டும். அவையே படத்தை வரைந்து வழியைக் கணக்கிட்டுக்கொள்ளட்டும் என்பது புதிய ஏற்பாடு. பழைய செய்தி எது, புதிய செய்தி எது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் இட்டார்கள். 0 முதல் 63 வரை எண்ணி, மீண்டும் 0 என்று தொடங்கும் எண் அது. இவ்வாறு வட்டமாகச் சுழலும் எண்ணில் எது பிந்தியது என்று தீர்மானிக்க, அரைவட்டத்துக்குள் முன்னே நிற்பது பிந்தியது என்று விதி செய்தார்கள். கடிகாரத்தில் பதினொன்றுக்குப் பிறகு இரண்டு வருவதை நாம் பிந்தியதாகக் கொள்வது போல.

1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. எந்தக் கம்பியும் அறுபடவில்லை. எந்த யந்திரமும் நிற்கவில்லை. சொல்லப்போனால் யந்திரங்கள் அளவுக்கு மீறி உழைத்துக்கொண்டிருந்தன. மேற்பார்வை செய்தவர்கள் ஓர் இம்பின் நினைவகத்தைப் படியெடுத்துப் பார்த்தபோது, 50-ஆம் எண் இம்பினிடமிருந்து வந்த வழிச் செய்திகளே அதில் நிரம்பியிருக்கக் கண்டார்கள். அவற்றின் வரிசை எண்களோ 8, 40, 44. மறுபடி 8, 40, 44. இவையே ஓயாமல் திரும்பித் திரும்பி வந்தன.

இதன் காரணத்தைக் கண்டது துப்பறியும் கதையை ஒக்கும். கணிப்பொறி எண்களை ஒன்றும் பூஜ்யமுமாக எழுதுகிறது. 44 என்பது அதற்கு 101100. இதில் ஓர் ஒன்று உதிர்ந்து பூஜ்யமானால் 101000, அதாவது 40. அதிலும் ஓர் ஒன்று உதிர்ந்தால் 001000, அதாவது 8. பக்கத்திலிருந்த 29-ஆம் எண் இம்பின் பழுதுபட்ட நினைவகத்தில் இந்த ஒன்றுகள் உதிர்ந்திருந்தன. கம்பியில் செல்லும்போது செய்தியைச் சரிபார்க்கும் ஏற்பாடு இருந்தது. நினைவகத்தில் தங்கியிருக்கும்போது சரிபார்க்க ஏற்பாடில்லை. இனி அரைவட்ட விதியைப் பொருத்திப் பாருங்கள். 8-ஐவிட 40 பிந்தியது. 40-ஐவிட 44 பிந்தியது. வட்டத்தைச் சுற்றி வந்தால், 44-ஐவிட 8 பிந்தியது! ஆகவே மூன்றில் எது வந்தாலும் இம்புகள் அதைப் புதிய செய்தி என்றே ஏற்று எல்லோருக்கும் அனுப்பின. மூன்று செய்திகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முடிவின்றிச் சுழன்றன. மற்ற வேலைகளுக்கு நேரமின்றி, கம்பிகள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலையையும் இம்புகள் கைவிட, கம்பிகள் பழுதென்றே அறிவிக்கப்பட்டன.

ஒரு யந்திரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் பழுது நீங்கிவிடும் என்பது நம் எல்லோருக்கும் பழகிப்போன வைத்தியம். இங்கே அது பலிக்கவில்லை. மீண்டும் எழுந்த இம்புக்கு அதன் அண்டைகளே அந்த நோயைத் திரும்பக் கொடுத்துவிடும். இறுதியில், 50-ஆம் எண் இம்பின் வழிச் செய்திகளை அறவே புறக்கணிக்குமாறு எல்லா இம்புகளின் நிரலையும் திருத்திய பின்பே வலையமைப்பு உயிர்பெற்றது. எரிக் ரோசன் 1981-இல் இதனை விரிவாக எழுதிவைத்தார். தங்கள் பிழையைத் தாங்களே இத்தனை விளக்கமாக எழுதிய பொறியாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

1983-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று ஆர்ப்பாநெட் டிசிபி/ஐபி என்னும் பொது முறைக்கு மாறியது. அதே ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம், அந்த முறை உள்ளே அமைந்த யூனிக்ஸை வெளியிட்டது. அதுவரை இம்புகளை ஆள்பவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்த வல்லுநர்கள். இப்பொழுதோ யூனிக்ஸ் யந்திரம் வைத்திருக்கும் எந்தக் கல்லூரியும் வழிப் பட்டியல் ஒன்றைத் தன்னிடம் வைத்துப் பராமரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலைக் காட்ட நெட்ஸ்டாட் என்ற கட்டளையும், அண்டைகளோடு பேசி அதைத் தானே நிரப்பிக்கொள்ள ரூட்டட் என்ற நிரலும் உடன் வந்தன. 30 விநாடிக்கு ஒரு முறை பேசிய அந்த நிரல், பழைய ஆர்ப்பாநெட்டின் அண்டைவீட்டு நம்பிக்கையையே பின்பற்றியது. ஓர் ஊருக்கு வழி அறுந்துபோனால், 'உன் வழியாகப் போகலாம்' என்று இரு அண்டைகளும் ஒன்றையொன்று நம்பித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவதும் உண்டு. அதற்கு ஒரு வரம்பு வேண்டுமென்று, தூரம் 16 ஆனால் வழியே இல்லை என்று கொள்ளும்படி விதித்தார்கள்.

பட்டியலைப் படிக்கலாம்; ஆனால் பட்டியலில் உள்ளது உண்மைதானா? இதை அறிய முதற் கருவி அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்தது. மேரிலாந்து மாநிலத்தில் அபர்தீன் என்னுமிடத்திலுள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் பணியாற்றினார். அங்கே வலையமைப்பு விநோதமாக நடந்துகொண்டது. 'இருக்கிறாயா?' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்று எதிரொலிக்கும் கடமை ஒவ்வொரு யந்திரத்துக்கும் முன்பே விதிக்கப்பட்டிருந்தது. அதைக் கொண்டு வழியின் தாமதத்தை அளக்கலாமென்று டேவிட் மில்ஸ் ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்டிருந்தார் மூஸ். ஒரே இரவில் சுமார் ஆயிரம் வரிகளில் நிரலை எழுதி முடித்தார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவியின் ஓசையையே அதற்குப் பெயராக்கி, 'பிங்' என்று அழைத்தார். யூனிக்ஸின் உட்கருவில் அதற்கு வேண்டிய வசதியை அவர் அமைத்து முடிப்பதற்குள், தேடிய பழுது வேறு வழியில் நீங்கிவிட்டது என்பது வேடிக்கை. 2000-ஆம் ஆண்டில் விபத்தொன்றில் மறைந்த மூஸ் வேறு பல அரிய நிரல்களை எழுதியவர். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது அந்த ஓர் இரவின் வேலையால்.

அவர் சொல்லிவந்த கதையொன்று வானொலி நேயர்களுக்கு உவப்பாக இருக்கும். ஒரு நிலையத்தில் கம்பி இணைப்பு விட்டுவிட்டுப் பழுதாயிற்று. அதைக் கவனித்து வந்தவர், பிங் நிரலுக்கு விடை வரும்போதெல்லாம் கணிப்பொறி 'பிங்' என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை ஒலிபெருக்கியில் இணைத்து உரக்க வைத்தார். விநாடிக்கொரு முறை பிங், பிங் என்று கட்டடம் முழுவதும் ஒலிக்க, அவர் அறையறையாகச் சென்று கம்பி இணைப்புக்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது ஒலி நின்றதோ அதுவே பழுது!

ஆனால் பிங் சொல்வது ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். பதினைந்து யந்திரங்களைக் கடந்து செல்லும் பொட்டலம் எத்தனையாவது யந்திரத்தில் மறைந்தது என்று அது சொல்லாது. இந்தக் குறை 1987, 1988-ஆம் ஆண்டுகளில் தீர்ந்தது. தீர்த்தவர் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த வேன் ஜேக்கப்சன். 1986 அக்டோபரில், அவருடைய கூடத்துக்கும் 400 கஜ தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட்டுகள் சென்ற வழியில், நெரிசலால் 40 பிட்டுகளே சென்றன. அந்தச் சரிவை ஆராய்ந்து நெரிசலுக்கு மருந்து கண்டவரும் அவரே.

அவர் கையாண்ட உபாயம் எளியது. ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் ஓர் ஆயுள் எண் உண்டு. கடக்கும் ஒவ்வொரு யந்திரமும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிட்டு, 'உன் பொட்டலம் என்னிடத்தில் மாண்டது' என்று அனுப்பியவருக்கு ஓலை விடும். வட்டப் பாதையில் சிக்கிய பொட்டலம் என்றென்றும் சுழலாமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஸ்டீவ் டீரிங் கொடுத்த யோசனையின்படி, ஜேக்கப்சன் வேண்டுமென்றே அற்பாயுள் பொட்டலங்களை அனுப்பினார். ஆயுள் 1 உடையது முதல் யந்திரத்தில் மாண்டது. அதன் பெயர் தெரிந்தது. ஆயுள் 2 உடையது இரண்டாவதில் மாண்டது. அதன் பெயரும் தெரிந்தது. வழியில் ஒவ்வொரு யந்திரமும், தான் அறியாமலே, தன் இருப்பை ஒப்புக்கொண்டது. டிரேஸ்ரூட் என்று பெயர்பெற்ற இந்தக் கருவியைக் கண்டு, தமக்கு இது தோன்றவில்லையே என்று மூஸ் பொறாமைப்பட்டதாக அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

கருவி காட்டுவதையும் அப்படியே நம்பலாகாது. ஜேக்கப்சன் தம் நிரலோடு எழுதிய குறிப்பிலேயே இதற்கு ஓர் உதாரணம் தந்தார். ஒரு யந்திரத்துக்கு வழி கேட்டால் 13 படிகள் காட்டிற்று. அவற்றில் 7 முதல் 12 வரை பெயரே இல்லாமல் நட்சத்திரக் குறிகள். இடையே ஆறு யந்திரங்கள் பழுதா? இல்லை. சேருமிடத்து யந்திரம் ஏழாவது படியிலேயே இருந்தது. அதன் பிழையான நிரல், வந்த பொட்டலத்தில் எஞ்சியிருந்த ஆயுளையே தன் விடைக்கும் இட்டு அனுப்பியது. ஆகவே விடைகள் திரும்பும் வழியில் மாண்டன. போகவர இரு வழிக்கும் போதுமான ஆயுள் கொடுத்த பின்பே விடை வந்து சேர்ந்தது.

திரும்பும் வழி என்று சொன்னேன். யூனிக்ஸ் சர்வரைக் காப்பவர்கள் மிகுதியும் தடுமாறுவது இங்கேதான். போன வழியே திரும்பி வரவேண்டும் என்ற நியதி வலையமைப்பில் இல்லை. டிரேஸ்ரூட் காட்டுவதோ போகும் வழியை மட்டும். இரண்டு வாயில்கள் உடைய சர்வர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கேள்வி இரண்டாம் வாயிலால் வருகிறது. விடையை எங்கே அனுப்புவதென்று பட்டியலைப் பார்த்தால், வேறு குறிப்பில்லாதவற்றுக்கெல்லாம் முதல் வாயில் என்றிருக்கிறது. விடை அவ்வழியே புறப்பட, அங்குள்ள காவற்பொறி, தான் பார்க்காத கேள்விக்கு விடையா என்று அதை எறிந்துவிடுகிறது. வெளியே இருப்பவருக்குச் சர்வர் இறந்துவிட்டதாகவே தோன்றும். அதன் முன்னே இருப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். இருவரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருப்பார்கள். ஜேக்கப்சனும் அவர் தோழர்களும் எழுதிய டிசிபிடம்ப் என்ற நிரலைக் கொண்டு, இரு வாயில்களிலும் வருவதையும் போவதையும் உற்றுப் பார்த்தால் நொடியில் விளங்கிவிடும்: கேள்வி வருகிறது, விடை வேறு வாயிலால் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பக்கத்து யந்திரங்களோடு பேச முடிகிறது. கடல் கடந்த யந்திரங்களோடும் பேச முடிகிறது. அதே வளாகத்தில் அடுத்த கட்டடத்து யந்திரங்கள் மட்டும் விடை சொல்வதில்லை. புதியவர்கள் அடுத்த கட்டடத்துக் கம்பியைத் தோண்டத் தொடங்குவார்கள். அனுபவசாலியோ, விலாசத்தில் எந்தப் பகுதி தன் தெரு என்பதைச் சொல்லும் அளவுகோலைப் பார்ப்பார். 255.255.255.0 என்றிருக்க வேண்டிய இடத்தில் 255.0.0.0 என்று யாரோ எழுதியிருப்பார்கள். அதனால் 10 என்று தொடங்கும் விலாசமெல்லாம் தன் தெருவே என்று சர்வர் கருதி, வழிகாட்டும் யந்திரத்திடம் கொடுக்காமல் தெருவிலேயே கூவிப் பார்த்து ஓய்ந்துவிடுகிறது. முதலில் தன் வாயில், பிறகு தன் பட்டியல், பிறகு அண்டை, அதன் பிறகே தூரம் என்று படிப்படியாகச் செல்லும் வழக்கம் இத்தகைய ஏமாற்றங்களால் வந்ததுதான்.

ஹார்வர்டின் பூஜ்யம் பிற்காலத்தில் பெரிய உருவில் திரும்பி வந்தது. 1989 முதல், பெரிய வலையமைப்புக்கள் தம்மிடையே வழிச் செய்தி பரிமாறிக்கொள்ள பிஜிபி என்ற முறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, 7007 என்னும் எண்ணுடைய சிறு வலையமைப்பின் ரூட்டர் ஒன்று, உலகின் விலாசங்களைச் சிறு துண்டுகளாக்கி, அவையெல்லாம் தன்னிடமே இருப்பதாக அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு வழி என்னிடம் என்று ஒருவரும், மயிலாப்பூருக்கு வழி என்னிடம் என்று மற்றொருவரும் சொன்னால், மயிலாப்பூர்க் கடிதத்தை இரண்டாமவரிடம் கொடுப்பதே விதி. ஆகவே துண்டு விலாசங்களே வென்றன. பொட்டலங்கள் திரள்திரளாக அந்தச் சிறு வலையமைப்பை நோக்கிச் சென்றன. ரூட்டரின் கம்பியைப் பிடுங்கிய பின்பும் அந்தப் பொய்யான வழிகள் பிறருடைய பட்டியல்களில் நெடுநேரம் உலவின. 1980-இல் மூன்று எண்கள் உலவியதைப் போலவே.

2008 பிப்ரவரி 24-ஆம் தேதி, பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க உள்நாட்டில் இட்ட வழி வெளியே கசிந்து, சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் எட்டாமற்போனதும் இதே துண்டு விலாச விதியால்தான். யூடியூப் அதனினும் சிறிய துண்டுகளை அறிவித்து வழியை மீட்டுக்கொண்டது. ஒரு விலாசத்துக்கு உரியவர் யார் என்பதைக் கையொப்பமிட்ட சான்றுகளால் சரிபார்க்கும் முறை 2012-இல் வகுக்கப்பட்டது. நாளுக்கு நாள் அதை மேற்கொள்ளும் வலையமைப்புக்கள் பெருகி வருகின்றன. விலாசம் இன்னாருடையது என்பதை அந்தச் சான்று மெய்ப்பிக்கும். இடையிலுள்ள வழியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு இன்றும் அண்டை யந்திரத்தின் வாய்ச்சொல்தான்.